வலப்பக்கம் இறங்கிய சுடிதார்

தெற்கு மாரட் வீதிக் கடையில்
மடக்குக் கத்தி கேட்டதும்
காய் நறுக்கும் சைஸில் ஒன்றை நீட்டினார்,
ரோஸ் கலர் பிடி.
பெருசு என்றேன்.
வீட்டுக்காரவுகளுக்கா என்றார்.
ஆமாமென்று சொல்லியிருந்தால்
அஞ்சு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.
எனக்குத்தான் என்றதில்
ஒரு டீ வந்தது,
பின்னாலேயே முதலாளியும் வந்தார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பதினொன்று.
மான்கொம்பு மாதிரி பிளாஸ்டிக் போட்டது,
கழுகு பொறித்தது,
டார்ச்சும் திருப்புளியும் சேர்ந்தது.
எனக்கு வேண்டியது
சவுக்குக் கம்பை ஒரு கையால் கட்டிக்கொண்டு நிற்கையில்
மறுகைக் கட்டைவிரலுக்குத் திறப்பது.
இடது கையில் திறந்தேன்.
கண்ணை மூடித் திறந்தேன்.
பூட்டு விழுந்ததா என்று
கத்தியின் முதுகை மேசையில் ரெண்டு தட்டு.
பாதியில் மடங்குகிற கத்தி
கயிற்றை விட்டு விரலுக்கு வரும்;
எங்கள் செட்டில் சேதுராசுக்கு
ஆள்காட்டி விரல் ஒரு கணு கம்மி.

கறுப்புப் பிடி, சொரசொரப்பு.
மடித்தாலும்
உள்ளங்கையைத் தாண்டி ரெண்டு விரற்கடை நிற்கிறது.
எழுநூற்றி இருபது.
பில்லில் ‘பழக்கத்தி’ என்று எழுதினார்.
உங்க நல்லதுக்குத்தாம்மா.

அப்புறம்தான் தெரிந்தது
அதை வைக்க எனக்குப் பை இல்லை.
பந்தல் காண்டிராக்ட் என் பெயரில்,
லோடு ஆட்டோ ஆர்.சி. என் பெயரில்,
நாற்பத்தொரு வயதுவரை உடுப்பில் ஒரு பை கிடையாது.
குன்னத்தூர் சத்திரத்து டெய்லர்
செல்லு வைக்கவா என்று தைக்கத் தொடங்கி
கத்தியைப் பார்த்ததும்
ஜீன்ஸ் துணி உள்வைத்து ரெட்டைத் தையல் போட்டார்.
கூலி வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் வாரம் முழுக்கத் தொடையில் தட்டிக்கொண்டே வந்தது,
எதையோ கேட்க வந்து
கேட்காமல் நிற்கிற பிள்ளை மாதிரி.

எதுக்கு பயப்படுற என்றான் தம்பி.
தற்காப்புக்கா, நல்லதுதான் என்றாள் எதிர்வீட்டு மெர்சி.
கயிறு என்றேன்.
ராத்திரி ஒன்றரைக்கு மாட்டுத்தாவணிச் சோதனையில்
எஸ்.ஐ. கையில் எடுத்து எடை பார்த்தார்.
கயிறு அறுக்க சார்.
எந்த ஊரு?
செக்கானூரணி என்றதும்
கத்தியை இன்னொரு தரம் பார்த்தார்.

சித்திரையில் ஒரு பகல்,
நாகமலை புதுக்கோட்டை தாண்டி
முன்னால் போன பைக் சரிந்தது.
முந்தானை சக்கரத்துக்குள்.
கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றி
அந்தப் பெண்ணைத் தோளோடு இழுத்து வைத்திருந்தது.
அவன் சக்கரத்தைப் பின்னுக்கு உருட்டப் பார்த்தான், முடியவில்லை.
ஆள் கூடியது. தண்ணி என்றார்கள், ஆம்புலன்ஸ் என்றார்கள்.

டக்.

கூட்டம் ஒரு எட்டு பின்னால் போனது.
அவன் மட்டும் கைகளைத் தூக்கி
தாலியை விட்டுருங்கக்கா என்றான்,
தாலியை மட்டும்.

பதில் சொல்ல நேரமில்லை.
தொண்டைக்கும் துணிக்கும் நடுவில் ரெண்டு விரல்,
விரலின் மேல் கத்தி, கூர் வெளிப்பக்கம்.
பாலியெஸ்டர்.
கயிற்றைவிட லேசு, ஆனால் வழுக்கும்.
மூன்றாவது இழுப்பில் விட்டது.

இருமினாள். எழுந்து உட்கார்ந்தாள்.
சிவந்த கழுத்தைத் தடவாமல்
அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.
மூவாயிரத்து நானூறு ரூவா என்றாள்,
யாரிடம் என்றில்லாமல்.
அவன் இன்னும் கையை இறக்கவில்லை.

அன்று சாயங்காலம் உசிலம்பட்டியில் ஒரு எழவு.
பதினாறாம் நாள் பந்தல் பிரிப்பு,
முப்பத்திரண்டு கட்டு.
கல்யாணப் பந்தலில் முடிச்சை அவிழ்ப்பேன்.
இதில் அறுத்துவிடுவது.

இரவு எண்ணெய் போடும்போது பார்த்தேன்,
கீலுக்குள் மயில்நீலத்தில் ஒரு நூல்.
ஊசியால் நெம்பினால் வந்துவிடும்.
மடக்கிப் பார்த்தேன், தடுக்கவில்லை.
திறந்து பார்த்தேன், தடுக்கவில்லை.
பையில் போட்டுக்கொண்டேன்.